சிரிப்பு எந்தச் சொல்லில் விழுகிறது? ஏற்காட்டு விடுதி ஊழியர் ஒருவரின் ஆங்கிலக் கற்றல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்குரியவர் ஏற்காட்டில் சிறிய தங்கும் விடுதி ஒன்றில் வேலை பார்க்கும் பெண். வயது முப்பதை ஒட்டி இருக்கும். சேர்வராயன் மலையின் உட்கிராமத்தில் பிறந்து, தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்தவர். விடுதியில் முதலில் ரூம் சுத்தம் செய்யும் வேலைக்குத்தான் சேர்ந்தார். கணக்கில் கெட்டி, பொறுப்பான ஆள் என்று கண்ட முதலாளி அவரை ரிசப்ஷனில் உட்காரச் சொன்னார். ஆங்கிலம் குறுக்கே வந்து நின்றது அங்கேதான். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் விடுதியும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன்.

ஏற்காட்டுக்கு வருகிறவர்களில் சேலம், ஈரோடு, நாமக்கல்காரர்கள் போக, பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் நிறைய. சனி, ஞாயிறில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கேஏ நம்பர் வண்டிகளைப் பார்க்கலாம். வண்டிக்குள் இருப்பவர்கள் கன்னடம் பேசுவார்கள், தெலுங்கு பேசுவார்கள், இந்தி பேசுவார்கள். கவுன்டருக்கு வந்து நின்றதும் எல்லாருக்கும் பொதுவாக மிஞ்சுவது ஆங்கிலம்.

இந்த மலைக்கு ஆங்கிலம் புதிதில்லை. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் இங்கே காப்பித் தோட்டம் போட்டார்கள். மான்ஃபோர்ட் பள்ளி 1917 முதல் நடக்கிறது. எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து தங்கி அங்கே ஆங்கிலத்தில் படித்துவிட்டுப் போகிறார்கள். அதே மலையில் பிறந்து, அதே தோட்டங்களில் மிளகு பறிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஆங்கிலம் மதில் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்துவிட்டது. வயது வந்தோருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது சேலத்தில் என் தொழில். இந்த வருத்தம் எனக்கு என்றைக்கும் உண்டு. ஒருத்தருக்காவது அந்தச் சுவரில் வழி கிடைக்கிறதா என்று பார்க்கிற ஆசையில்தான் இதில் இறங்கினேன்.

என் வகுப்புக்கு வரும் ஒருவர் மூலம் அவர் அறிமுகமானார். விடுதிக்குச் சாமான் வாங்க சேலத்துக்கு இறங்கும்போது நேரில் பார்ப்போம். மற்ற நேரமெல்லாம் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ். முதல் சந்திப்பிலேயே அவர் சொன்ன வார்த்தையை அப்படியே தருகிறேன், இந்த ஆய்வு முழுக்க அதற்கான பதில்தான்:

"ஒரு வருசமா காமெடி வீடியோ பாத்துத்தான் இங்கிலீஷ் கத்துக்கிறேங்க டீச்சர். சிரிப்பு வருதுங்க, இங்கிலீஷ் வரமாட்டீங்குது."

பார்த்ததும் பதிந்ததும்

அவர் பார்த்தவை எல்லாருடைய போனிலும் ஓடுகிறவைதான். கடைக்காரரும் வாடிக்கையாளரும், கணவனும் மனைவியும், இன்டர்வியூவுக்குப் போகிறவனும் மேனேஜரும் என்று இரண்டு பேர் நடிக்கிற சின்னச் சின்ன வீடியோக்கள். ஒருத்தர் தப்புத் தப்பாக ஆங்கிலம் பேசுவார். மற்றவர் தலையில் அடித்துக்கொள்வார். கடைசியில் சரியான சொல்லும் அதன் தமிழ் அர்த்தமும் திரையில் வரும். அதற்குள் அடுத்த வீடியோ தானாக ஓட ஆரம்பித்துவிடும்.

ஞாபகத்தில் இருப்பவற்றைச் சொல்லச் சொன்னேன். கதைகள் அத்தனையும் இருந்தன. யார் என்ன சட்டை போட்டிருந்தார், எந்த இடத்தில் கண்ணை உருட்டினார் என்பது வரை நடித்தே காட்டினார். நல்ல நடிப்பு. ஆனால் அந்தக் கதைகளிலிருந்து அவர் எடுத்துக்கொடுத்த ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை தப்பான சொற்கள்.

ஒரு உதாரணம். லாட்ஜில் தங்க வந்த ஆள் தலையணை கேட்க நினைத்து "ஐ வான்ட் ஒன் பில்லர்" என்கிறான். ரூம் பாய் வெளியே ஓடி, கட்டடம் கட்டும் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வருகிறான். மேஸ்திரி டேப்பை நீட்டி அளக்கிறார், "எத்தனை அடிங்க?" என்கிறார். சிரிப்பு அங்கேதான். "பில்லோ" என்ற சரியான சொல் அதற்குப் பிறகு, சிரித்து முடித்த வாயோடு, அரை நொடி வந்துபோகிறது. கவுன்டரில் உண்மையிலேயே ஒருவர் எக்ஸ்ட்ரா தலையணை கேட்டபோது இவர் வாயில் முதலில் வந்தது பில்லர். தப்பு என்று உடனே தெரிந்துவிட்டது. ஆனால் சரியானது எது என்று தேடி எடுப்பதற்குள் அந்த விருந்தினரே கையை மடித்துத் தலைக்குக் கீழே வைத்துக் காட்டிவிட்டார்.

அடுத்து, அவரிடம் ஏற்கெனவே என்ன சொத்து இருக்கிறது என்று பார்த்தேன். "எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க" என்றார். அப்படியென்றால் ஒரு ரூமில் என்னென்ன கெட்டுப்போகும், தமிழிலேயே சொல்லுங்கள் என்றேன். மடமடவென்று வந்தது: "டேப் லீக் ஆகும். பாத்ரூம் பிளாக் ஆயிடும். லாக் ஜாம் ஆயிக்கும். பால்கனி கதவு மழைக்கு ஊறி ஸ்டக் ஆயிடும். கீசர் போட்டா எம்சிபி ட்ரிப் ஆகும்." (எம்சிபி என்பது மெயின் போர்டில் லோடு கூடினால் தானாக விழுந்து கரண்டை நிறுத்தும் ஸ்விட்ச்.) அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்திலும் பாரம் சுமக்கிற சொல் ஆங்கிலச் சொல்தான். அதை அவர் ஆங்கிலம் என்றே நினைத்ததில்லை.

தமிழ்வழியில் படித்தவர்கள் பலரிடமும் இதைப் பார்க்கிறேன். பெயர்ச்சொற்கள் நிறைய இருக்கும். ஆகு, பண்ணு சேர்த்துச் சொல்கிற வினைகளும் கைவசம் இருக்கும். இல்லாமல் போவது அவற்றைக் கோக்கிற சின்னச் சொற்கள். கவுன்டரில் அவர் சறுக்கிய இடங்களும் இதையே காட்டின. "வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் சோப்" என்று ஒருவர் வந்து நின்றார். சோப் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இவருக்கோ ரன் அவுட் என்றால் கிரிக்கெட். சோப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இவர் விழித்தார். இன்னொருவர் ராத்திரி வந்து "த டேப் கீப்ஸ் ட்ரிப்பிங்" என்றார். குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது என்று அர்த்தம். நம் காதுக்கு இந்த ட்ரிப்பும் எம்சிபி ட்ரிப்பும் ஒன்றுபோலத்தான் கேட்கும், தமிழில் எழுதினாலும் ஒரே எழுத்து. ரூம் பாயை அனுப்பி மெயின் போர்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். போர்டு நன்றாகத்தான் இருந்தது. விடிய விடியக் குழாய் சொட்டியது.

சிரிப்பு விழும் இடம்

சிரித்துக்கொண்டே படித்தால் மனத்தில் நிற்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. ஸ்டீபன் ஷ்மிட் என்ற உளவியலாளர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், வேடிக்கையான வாக்கியங்களும் சாதாரண வாக்கியங்களும் கலந்து தரப்பட்டபோது வேடிக்கையானவை கூடுதலாக நினைவில் நின்றன. ஆனால் ஒருவருக்கு வேடிக்கையானவற்றை மட்டும், இன்னொருவருக்குச் சாதாரணமானவற்றை மட்டும் என்று பிரித்துத் தந்தபோது அந்தக் கூடுதல் காணாமல் போனது. பக்கத்தில் இருப்பதிலிருந்து வேறுபட்டுத் தெரிவதால்தான் வேடிக்கை மனத்தில் நிற்கிறது. வரிசையாக நாற்பது காமெடி பார்த்தால் எதுவுமே தனித்துத் தெரியாது. வேலை முடிந்து படுக்கப் போகும் முன் அவர் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்த அத்தனையும் இந்தக் கணக்கில்தான் போயிற்று என்று நினைக்கிறேன்.

ராபர்ட் கப்லனும் கிரகரி பாஸ்கோவும் 1977இல் செய்த ஆய்வு இன்னும் நெருக்கமானது. கல்லூரி மாணவர்களுக்கு ஒரே பாடத்தை நகைச்சுவையோடும் இல்லாமலும் நடத்தி, ஆறு வாரம் கழித்துச் சோதித்தார்கள். மொத்தத்தில் பாடம் கூடுதலாகப் புரிந்துவிடவில்லை. எந்தக் கருத்தை நகைச்சுவை உதாரணத்தோடு சேர்த்துச் சொன்னார்களோ, அந்தக் கருத்து மட்டும் நன்றாக நினைவில் இருந்தது. சிரிப்பு பாடம் முழுவதையும் தூக்கிவிடாது, தான் தொட்ட இடத்தை மட்டும் தூக்கும்.

பில்லர் கதைக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. சிரிப்பு தொட்டது பில்லரை. தங்கியதும் பில்லர். ஆகவே கற்றலுக்கு ஒரு வீடியோவை எடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சிரிப்பு எந்தச் சொல்லில் விழுகிறது என்பது. தப்பான சொல்லில் விழுந்தால் அந்த வீடியோ எவ்வளவு நன்றாக இருந்தாலும் பொழுதுபோக்காகப் பார்த்துக்கொள்ளலாம், பாடமாக வேண்டாம். உடம்பில் விழுந்தால், அதாவது அடி, உதை, வழுக்கல் என்றால், சொல் எதுவுமே தங்காது; அதற்கு வேறு உபயோகம் இருக்கிறது, பின்னால் வருகிறேன். சரியான சொல்லின் மேலேயே விழுந்தால் அதுதான் நமக்கு வேண்டியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு இது முக்கியம். சிரிப்பு யார் மேல் விழுகிறது? நம் படங்களிலும் வீடியோக்களிலும் ஆங்கிலம் வராதவன்தான் அடி வாங்குகிறவன். வெளிநாட்டிலும் இப்படித்தான். பிபிசியில் 1975இலும் 1979இலும் மொத்தம் 12 பகுதிகளாக வந்த ஃபால்டி டவர்ஸ் ஒரு ஓட்டலில் நடக்கும் காமெடி. அதில் ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த சர்வர் ஒருவர் ஆங்கிலம் புரியாமல் விழிப்பதும் முதலாளியிடம் படும் பாடும்தான் பல காட்சிகளில் சிரிப்பே. ஓட்டல் சொற்கள் கொட்டிக் கிடக்கும் தொடர் அது. ஓட்டலில் வேலை செய்கிற, ஆங்கிலம் தடுமாறுகிற ஒருவரிடம் அதை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அவர் முன்பே சொல்லியிருந்தார்: "தெரிஞ்சதைக் கூடப் பேச மாட்டேங்க. பேசுனா அந்த வீடியோல வர்ற ஆளாட்டம் ஆயிடுவமோன்னு." ஒரு வருஷம் காமெடி பார்த்ததில் அவர் ஐயமறக் கற்ற பாடம், தப்பாகப் பேசினால் நாலு பேர் சிரிப்பார்கள் என்பது. இதைப் போக்காமல் சொல்லை மட்டும் சேர்த்துக்கொண்டே போவதில் பயன் இல்லை.

முழுநீள ஆங்கிலத் தொடர்களை ஒதுக்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் இருவரும் 318 படங்களின் வசனங்களை எண்ணிப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு படத்தில் பேசப்படும் சொற்களில் சுமார் 95 சதவீதத்தை அறிந்திருக்கவே ஏறக்குறைய 3000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும். அந்த இடத்துக்கு அவர் இன்னும் வரவில்லை. இரண்டு நிமிடத் துண்டு, இரண்டே பேர், ஒரே இடம். இந்த அளவுதான் தாங்கும்.

மாற்றியது

மாற்றியது அதிகமில்லை. முதலில் போனில் ஆட்டோபிளேயை நிறுத்தினோம். ஒரு வீடியோவை எடுத்தால் நாலைந்து நாளுக்கு அதுவேதான். ஆங்கிலத்திலேயே கேப்ஷன் போட்டுக்கொள்ள வேண்டும், தமிழில் வேண்டாம். காதில் விழும் சொல்லையே கண்ணும் படிக்கும்போது சொற்கள் கூடுதலாகப் பிடிபடுகின்றன என்பதை மரிபெல் மான்டெரோ பெரெஸ் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் காட்டியிருக்கிறார்கள். தமிழ் கேப்ஷன் போட்டால் கண் தமிழைப் படித்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். தானாக உருவாகும் கேப்ஷன் சில இடங்களில் தப்பாக வருவதால், எடுக்கும் துண்டை நான் முன்கூட்டியே பார்த்துவிடுவேன்.

தேர்வில் ஒன்றைக் கண்டுகொண்டோம். காமெடியில் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிக்க வைப்பது பழைய உத்தி. ஒருவர் வந்து அதே கேள்வியைக் கேட்பார், மறுபடி வந்து கேட்பார், ஒவ்வொரு முறையும் நிலைமை மோசமாகியிருக்கும். கற்கிறவருக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. குளிர் தாங்காத விருந்தினர் ஒருவர் "டூ யூ ஹேவ் எ ஸ்பேர் பிளாங்கெட்?" என்று கேட்டுக்கொண்டே வருவார், அடுத்து ஸ்பேர் பில்லோ, அடுத்து ஸ்பேர் ஹீட்டர், கடைசியில் ஸ்பேர் ரூம். சிரிப்பு ஒவ்வொரு முறையும் ஸ்பேர் என்ற சரியான சொல்லின் மேலேயே விழுகிறது. ஸ்பேர் பார்ட்ஸ் தெரிந்தவர்தான் அவர். வண்டிக் கடையில் இருந்த சொல் அந்த வாரம் ரிசப்ஷனுக்கு வந்து சேர்ந்தது.

பார்க்கும் முறையையும் மாற்றினோம். இரண்டாம் முறை பார்க்கும்போது, சிரிப்பு வரப்போகும் வசனத்துக்கு ஒரு கணம் முன்னால் நிறுத்திவிட வேண்டும். அந்த வசனத்தை அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு ஓடவிட்டு ஒத்துப் பார்க்க வேண்டும். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் 2006இல் செய்த சோதனை இதற்குத் துணை. திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பழகியவர்கள் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். கவுன்டருக்கு வேண்டியது ஒரு வாரம் கழித்தும் நிற்கிற சொல்.

விடுதியின் ரூம் பாய், இருபதைத் தொட்டிருக்கும் ஒரு தம்பி, பக்கத்தில் உட்கார்ந்து அதே துண்டுகளைப் பார்த்தார். நிறுத்தவும் இல்லை, சொல்லவும் இல்லை, சிரித்ததோடு சரி. வயதில் சின்னவர், காது கூர்மை, அவர்தான் சீக்கிரம் பிடித்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்த்தேன். சில வாரம் கழித்துக் கேட்டபோது கதை அவரிடமும் இருந்தது, வசனம் இந்தப் பெண்ணிடம் மட்டும் இருந்தது. ஒரே ஒரு ஆளை வைத்து ஒப்பிடுவது போதாதுதான். ஆனாலும் இரண்டு பேர் பார்த்ததும் ஒரே போனில் ஒரே வீடியோ.

பேசாத படத்துக்கு வசனம்

உடம்பில் விழும் சிரிப்புக்கு வேறு உபயோகம் இருக்கிறது என்றேன். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ரோவன் அட்கின்சன் நடித்த மிஸ்டர் பீன் 1990 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் ஐடிவியில் தொடங்கியது. அந்த ஆள் பேசுவது மிகக் குறைவு. 1993இல் வந்த ஒரு பகுதி முழுக்க ஓட்டலில் நடக்கிறது. ரூமுக்கு வருகிறார், சுவரில் துளை போடுகிறார், கெட்டுப்போன சிப்பியைத் தின்கிறார், கடைசியில் உடம்பில் துணியில்லாமல் ரூமுக்கு வெளியே மாட்டிக்கொள்கிறார், கதவு பூட்டிக்கொள்கிறது. அவர் பேசாததால் பேச வேண்டியது பார்க்கிறவர். சின்னச் சின்னத் துண்டாக நிறுத்தி, என்ன நடக்கிறது என்பதை ஆங்கிலத்தில் இவர் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

ஊமைப்பட காலத்துச் சாப்ளின், பஸ்டர் கீட்டன் துண்டுகளையும் சேர்த்துக்கொண்டோம். இந்தப் படங்களில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். குழாய் பீய்ச்சுகிறது, கதவு திறக்க மறுக்கிறது, தட்டு கைதவறுகிறது, தரை வழுக்குகிறது, நாற்காலிக் கால் ஒடிகிறது. ஒரு லாட்ஜ் ரிசப்ஷனுக்கு வருகிற புகார் அத்தனையும் நூறு வருஷத்துக்கு முன்பே படமெடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. புத்தகத்தில் இந்த வினைச்சொற்களை ஒரே இடத்தில் தேடினால் கிடைக்காது.

தொடக்கத்தில் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் ஒற்றைச் சொல்லாக இருந்தன: "மேன். டோர். ஸ்டக்." பரவாயில்லை, அப்படியே அனுப்புங்கள் என்றேன். கொஞ்ச நாளில் "த டோர் இஸ் ஸ்டக்" ஆயிற்று. பிறகு "த டோர் இஸ் ஸ்டில் ஸ்டக்." அந்த ஸ்டில் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஸ்பேர் பிளாங்கெட் வீடியோவில் அந்த விருந்தினர் சொல்வார் என்றார், "ஐ ஆம் ஸ்டில் கோல்டு" என்று. ஒரு துண்டில் கற்றதை இன்னொரு துண்டில் தானாக எடுத்துப் போட்டிருக்கிறார். ஆசிரியருக்கு இதைவிட நிறைவு வேறு இல்லை.

ட்ரிப் சிக்கலும் இங்கேதான் தீர்ந்தது. சாப்ளின் கார்ப்பெட்டில் கால் தடுக்கி விழுகிற இடத்தில் நிறுத்தி, தடுக்கி விழுவதற்கும் ட்ரிப் என்றுதான் சொல் என்றேன். "இது எந்த ட்ரிப்புங்க? சொட்டுறதா, எம்சிபியா?" என்றார். சொட்டுவது மெத்தென்ற 'ட'வில் தொடங்கும், நாக்கை அழுத்தாமல் சொல்வது. தடுக்குவதும் எம்சிபி விழுவதும் வல்லென்ற 'ட', காற்று வெடித்து வருவது. டாக்டர் என்பதன் முதல் ஒலியையும் டிக்கெட் என்பதன் முதல் ஒலியையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிக் காட்டினேன். பிறகு அவரே சட்டத்தைக் கண்டுபிடித்தார்: ராத்திரி நேரத்தில் பாத்ரூம் பக்கமிருந்து வந்து சொன்னால் சொட்டுகிறது, இருட்டிலிருந்து வந்து சொன்னால் எம்சிபி. ஒலி பிடிபடும் வரை இந்த வழியும் உதவும். நாமும் தமிழில் அப்படித்தான் இடம் பார்த்துப் பொருள் கொள்கிறோம்.

இந்த விளையாட்டில் ரூம் பாயும் சேர்ந்துகொண்டார், சமையற்காரரும் எட்டிப் பார்த்தார். "அக்கா, ஹீ இஸ் ஃபாலிங்", "இன்னும் விழுகலடா, ஹீ இஸ் கோயிங் டு ஃபால்" என்று இவர்கள் சண்டை போட்டுக்கொண்ட ஒரு மெசேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது. கவனித்தால் தெரியும்: இங்கே தப்பாகப் பேசினால் யாரும் பேசினவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. சிரிப்புக்குத் திரையில் ஒருவர் இருக்கிறார். பேசினவர் கதை சொல்கிறவர் ஆகிவிடுகிறார். பேசினால் காமெடி ஆள் ஆகிவிடுவோமோ என்ற அவருடைய பயம் தணிந்ததற்கு நான் காண்கிற காரணம் இதுதான்.

மே மாதம்

ஏற்காட்டில் வார நாட்கள் பொதுவாக அமைதியாக இருக்கும். பயிற்சிக்கு நேரம் கிடைத்தது அதனால்தான். மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி வந்தால் நிலைமை வேறு. ரூம் கிடைக்காது, ஏரிப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. பயிற்சியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு நாளும் கவுன்டரில் நடந்ததை மட்டும் ராத்திரி சொல்லுங்கள் என்றேன்.

நடந்தவற்றில் சில. சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திவிட்ட ஒரு குடும்பம் கீழே இறங்கி வந்தது. அவர்கள் வாயைத் திறப்பதற்குள் இவர் "ஆர் யூ லாக்டு அவுட், சார்?" என்று கேட்டுவிட்டார். மிஸ்டர் பீனுக்குச் சொன்ன வசனம். மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு "டோன்ட் வொர்ரி, வீ ஹேவ் எ ஸ்பேர் கீ" என்று சேர்த்தார். சோப் தீர்ந்தது, தண்ணீர் பாட்டில் தீர்ந்தது என்று வந்தவர்களிடம் "சாரி, வீ ஹேவ் ரன் அவுட்" என்று இவரே சொல்லும்படி ஆயிற்று, ஏனென்றால் அந்த வாரம் விடுதியிலேயே ஸ்டாக் தீர்ந்துவிட்டது.

நான் பெரிதாக எண்ணுவது வேறொன்றை. காலையில் ஒருவர் வந்து "த வாட்டர் இஸ் லூக்வார்ம்" என்றார். இந்தச் சொல்லை இவர் எந்த வீடியோவிலும் கேட்டதில்லை. முன்பு என்றால் தலையை ஆட்டிவிட்டு ரூம் பாயை மேலே அனுப்பியிருப்பார். இப்போது "சாரி சார், வாட் இஸ் லூக்வார்ம்?" என்று கேட்டிருக்கிறார். அவரும் சிரிக்காமல், "நாட் ஹாட், நாட் கோல்டு" என்று விளக்கியிருக்கிறார். வெதுவெதுப்பு. கீசர் ஸ்விட்சை எவ்வளவு நேரம் போட வேண்டும் என்று இவர் சொல்லி அனுப்பினார். அந்தச் சொல்லை ரெஜிஸ்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்ததாகச் சொன்னார். இனி அவருக்கு விருந்தினர்களே ஆசிரியர்கள். தெரியாததைக் கூச்சமில்லாமல் கேட்கிற ஒருவருக்கு அந்த மலையில் சீசன் முழுக்க இலவச வகுப்பு நடக்கிறது.

எட்டாதவை

போன் இன்னும் அவருக்குச் சிரமம். முகம் தெரியாது, கை ஜாடை கிடையாது, லைனும் மலையில் விட்டு விட்டு வரும். வீடியோவில் கற்றது எல்லாமே கண்ணோடு சேர்த்துக் கற்றது என்பதால் காது மட்டும் தனியாக நிற்கத் தடுமாறுகிறது. நேற்று நடந்ததைச் சொல்லும் வினை வடிவங்களும் கைக்கு வரவில்லை. திரையில் ஓடிக்கொண்டிருப்பதை வர்ணித்துப் பழகியதால் எல்லாமே இப்போது நடப்பதாகவே வருகிறது: "எஸ்டர்டே த கெஸ்ட் இஸ் கோயிங்" என்கிறார். முறையிலிருந்து பிறந்த குறை இது. வீடியோவை மூடி வைத்த பிறகு, நடந்ததைத் திருப்பிச் சொல்லும் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறோம்.

இதில் எவ்வளவு காமெடியால் வந்தது, எவ்வளவு தினமும் கவுன்டரில் நின்றதால் வந்தது என்று பிரித்துச் சொல்ல ஒரு ஆளை வைத்துச் செய்த ஆய்வு இடம் தராது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அதே கவுன்டரில் நின்று, அதே காமெடியை முன்பு பார்த்தபோது சொல் தங்கவில்லை. துண்டைத் தேர்ந்தெடுத்த விதமும் பார்த்த விதமும் மாறிய பிறகு தங்கியது.

இந்த முறையை மற்றவர்கள் எடுத்துச் செய்யும்போது தொழிலுக்கு ஏற்றாற்போலத் துண்டு மாற வேண்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெளிமாநில வியாபாரிகளோடு பேசுகிற கொலுசுக் கடைக்காரருக்கு ஸ்பேர் பிளாங்கெட் உதவாது. எடை, சேதாரம், டெலிவரி தேதி, திருப்பி அனுப்புதல் இவற்றில் சிரிப்பு விழுகிற துண்டைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து போனிலேயே எடுத்துவிடலாம். ஏற்காட்டில் அந்த ரூம் பாய் இப்போது அதைத்தான் ஆரம்பித்திருக்கிறார். சமையற்காரர் விருந்தினர், இவர் ரிசப்ஷன், தம்பி கேமரா. வெளியே போடுவதில்லை, தங்களுக்குள் மட்டும்.

போனுக்காக அடுத்து செய்யப்போவது இதுதான்: அவர்கள் எடுத்த அதே துண்டுகளைப் படம் தெரியாதபடி போனைக் கவிழ்த்து வைத்து, ஒலியை மட்டும் கேட்டுப் பதில் சொல்வது. சிரிப்பு எங்கே வரும் என்பது அவருக்கு ஏற்கெனவே மனப்பாடம், அதனால் காது அந்த இடத்துக்காகக் காத்திருக்கும். மழைக்காலத்தில் கூட்டம் குறைந்ததும் தொடங்குகிறோம்.